மீன்பிடிப்பவர் பிள்ளைக்கு மீனே விஷமானால்?

பிச்சாவரம் உப்பங்கழியில் இறங்கி இறாலும் நண்டும் பிடிக்கும் குடும்பம் ஒன்றில் குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அழுகிறது, பால் குடிக்கிறது. குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பினைல்கீட்டோனூரியா என்ற பரம்பரை வியாதி இருந்தால், குடிக்கும் பாலே சிறுகச் சிறுக மூளையைக் கெடுக்கும்.

புரதத்திலுள்ள பினைல்அலனின் என்ற பொருளை மாற்றியமைக்கும் என்சைம் இக்குழந்தையின் ஈரலில் வேலை செய்வதில்லை. அப்பொருள் ரத்தத்தில் தேங்குகிறது. புத்தி வளரவில்லை என்று தெரியும்போது காலம் கடந்துவிடுகிறது. தாய், தகப்பன் இருவரிடமும் மறைந்திருக்கும் குறை இது. ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு அபாயம். சொந்தத்தில் மணமுடிக்கும்போது வாய்ப்பு அதிகம். பெற்றவள் செய்த பாவம் என்பது வெறும் பிதற்றல்.

இதற்குச் சிகிச்சை உணவுதான். 1934இல் நார்வே டாக்டர் போலிங் வியாதியைக் கண்டறிந்தார். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் ஒரு தாய் தினமும் ஆய்வுக்கூட வாசலில் நின்று கேட்டாள். அதன் பேரில் பிக்கல் குழுவினர் பினைல்அலனின் நீக்கிய உணவைத் தயாரித்து, 1953இல் பலனை வெளியிட்டனர். 1960களில் அமெரிக்காவின் குத்ரி, குதிகாலில் எடுக்கும் சில சொட்டு ரத்தத்திலேயே வியாதியைக் காண வழி செய்தார். பிறந்த சில நாட்களில் கண்டு, அளவான தாய்ப்பாலும் விசேஷ பால்பவுடரும் கொடுத்துவந்தால் மூளை பிழைக்கும். பின்னர் மீன், முட்டை, பருப்பு ஆகாது, சோறும் அளந்துதான். பவுடரும் ரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுதும் வேண்டும்.

2021ஆம் ஆண்டின் அபூர்வ நோய்க் கொள்கை, இத்தகைய உணவுக்கு மாநில அரசுகள் உதவுவதைப் பரிசீலிக்கலாம் என்றது. 2022இல் குறிப்பிட்ட பெரிய மருத்துவமனைகள் மூலம் 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்றார்கள். 2023 ஏப்ரல் முதல் சொந்த உபயோகத்துக்கு இறக்குமதி செய்தால் சுங்கவரி இல்லை. வரவேற்கிறோம். ஆனால் கழியில் இறால் தடவும் கூலியாள் வெளிநாட்டு டப்பாவை இறக்குமதி செய்வாரா? வியாதி இருப்பதே தெரியாதவருக்கு எந்த உதவி போய்ச் சேரும்?

அபூர்வ வியாதிதானே என்பார்கள். அந்த வீட்டுக்கு அது அபூர்வமல்ல. அதுவே அவர்கள் பிள்ளை. கோவா அரசு 2008லேயே பிறந்த குழந்தைகளுக்கு இத்தகைய பரிசோதனையைத் திட்டமாகத் தொடங்கிற்றே!

ஆகவே கோருகிறோம்: பிரசவம் நடக்கும் ஒவ்வொரு அரசு நிலையத்திலும் குதிகால் ரத்தம் இலவசமாகச் சோதிக்கப்படவேண்டும். பவுடரை அரசே தருவித்து, கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை மாதந்தோறும் சேர்ப்பிக்கவேண்டும். பரிசீலிக்கலாம் என்ற சொல்லில் பசி ஆறாது. பச்சைக் குழந்தைக்குக் காத்திருக்க நாட்களும் இல்லை.