கயத்தாறு காத்து மேல பழியைப் போடாதீங்க!

திருநெல்வேலியில் இருந்து கோவில்பட்டி போகும் நான்குவழிச் சாலை. கங்கைகொண்டான் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல், காற்றாலை, வெட்டவெளி. லாரி போக மிச்சமெல்லாம் காலி ரோடு. கையில் ஒரு ஆர்15-ஓ ஆர்சி 390-ஓ இருக்கும் இருபது வயதுப் பையனுக்கு இதைப் பார்த்தால் என்ன தோன்றும்? சொல்லவே வேண்டாம் :-)

120 தொட்டதும் ஹேண்டில் லேசாகப் படபடக்கிறது. அடுத்த நொடி முன்சக்கரம் இடமும் வலமுமாக வெட்டி வெட்டி அடிக்கிறது. எப்படியோ தப்பித்தவன் கயத்தாறு டீக்கடையில் உட்கார்ந்து, நடுங்கும் கையோடு சொல்வான்: "காத்து மாப்ள, செம காத்து!" கூட வந்தவன் "ரோடு சரியில்லடா" என்பான். இன்னொருவன் "கம்பெனி டிசைனே தப்பு, ஸ்டீயரிங் டேம்பர் வாங்கி மாட்டு" என்பான். பெஞ்சில் இருக்கும் பெரியவர் "காத்து கருப்பு அடிச்சிருக்கும்யா" என்று முடித்துவிடுவார். நாலு பேரில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: "கோன்செட் கடைசியா எப்ப பாத்த?"

முதலில் காற்றுக்கு வருவோம். கயத்தாற்றில் காற்று பலம்தான், பொய்யில்லை. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து வருவதால்தானே இங்கே இத்தனை காற்றாலைகள்? சாலை வடக்கு தெற்காக ஓடுகிறது, ஆடிக் காற்று மேற்கிலிருந்து குறுக்கே அடிக்கிறது. லாரியை ஒட்டி முந்தும்போது காற்று சட்டென்று நின்று, தாண்டியதும் மறுபடி அறைகிறது. ரோடும் அப்படியே. கரிசல் மண் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதன் மேல் போட்ட சாலை அங்கங்கே அலை அலையாகப் போவதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் காற்றும் மேடுபள்ளமும் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும், அவ்வளவுதான். வண்டி நல்ல நிலையில் இருந்தால் ஹேண்டில் இரண்டு ஆட்டம் ஆடி அடங்கிவிடும். அடங்காமல் வளர்கிறது என்றால் கோளாறு வண்டியிலோ, அதன் மேல் உட்கார்ந்திருப்பவரிடமோ, வேகத்திலோ இருக்கிறது. அதே காற்றில், அதே ரோட்டில், டிவிஎஸ் எக்ஸ்எல்லில் தீவனக் கட்டோடு தினமும் போகிற அண்ணாச்சியைக் காற்று கருப்பு ஏன் அடிக்கவில்லை?

மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சரை வேகமாகத் தள்ளும்போது அதன் சின்னச் சக்கரம் படபடவென்று ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். பைக்கின் முன்சக்கரமும் அந்த ஜாதிதான். திரும்பும் அச்சுக்குச் சற்றுப் பின்னால் தரையைத் தொடுவதால், விலகினால் தானே நேராக வரப் பார்க்கும். நேராக வரும்போது கொஞ்சம் தாண்டிப் போகும், பிறகு திரும்ப வரும். இந்த ஊசலாட்டம் அடங்காமல் வளர்வதுதான் வாபிளிங். நொடிக்கு சுமார் 4 முதல் 10 முறை ஆடும். முற்றிப்போய் ஹேண்டில் டேங்கிலேயே மோத ஆரம்பித்தால் அதற்கு டேங்க் ஸ்லாப்பர் என்று பெயர்.

இப்போது கணக்கு. 100 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் போகிறது. நொடிக்கு 8 ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனிதன் ஒன்றைப் பார்த்து, புரிந்து, கையை அசைக்கக் குறைந்தது கால் நொடி. அதற்குள் இரண்டு ஆட்டம் முடிந்துவிடும். ஹேண்டிலை இடப்பக்கம் திருத்தப் போகும் கை, அது ஏற்கெனவே இடப்பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது போய்ச் சேரும். ஊஞ்சலை நிறுத்தப் போய் இன்னும் வேகமாக ஆட்டிவிட்ட கதை! "நான் கெட்டியா புடிச்சி கண்ட்ரோல் பண்ணேன்" என்று ரீல்ஸில் மார்தட்டுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

இன்னொரு வகை ஆட்டமும் உண்டு. முன்பக்கம் மட்டுமல்லாமல் வண்டி முழுவதும் பாம்பு மாதிரி நெளியும். நொடிக்கு 2 முதல் 4 முறை. வேகம் கூடக் கூட மோசமாகும். பின்னால் அதிக பாரம், ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்வு, பின் டயரில் காற்றுக் குறைவு எல்லாம் இதற்குத் தூபம் போடும்.

காமர்ஸ் படிக்கும் எவருக்கும் தேய்மானம் தெரியும். கணக்கு நோட்டில் வருஷா வருஷம் எழுதுகிற அதே தேய்மானம் வண்டியின் கோன்செட்டிலும் நடக்கிறது. டயரில் நடக்கிறது. சக்கர பேரிங்கில் நடக்கிறது. ஆனால் பையன்களின் பட்ஜெட்டைப் பாருங்கள். சத்தம் போடும் சைலன்சருக்கு ஆயிரக்கணக்கில் செலவு. கம்பெனி சொல்லாத அகலத்தில் பின் டயர். ஸ்டிக்கர், கலர் லைட். கோன்செட் மாற்றவும் வீல் பேலன்ஸ் பார்க்கவும் மட்டும் "அடுத்த மாசம் பாத்துக்கலாம்". டயரில் காற்றுப் பார்க்க ஐந்து நிமிஷம் கிடையாது. டாப் ஸ்பீடை வீடியோ எடுக்க அரை நாள் உண்டு!

அடுத்து ஸ்டீயரிங் டேம்பர் பக்தர்கள். 1997-ல் வந்த சுசுகி டிஎல்1000எஸ் வண்டியில் இந்த ஆட்டம் பெரிய பிரச்சினையாகி, பிறகு கம்பெனியே டேம்பர் மாட்டிக் கொடுத்தது உண்மை. டேம்பர் நல்ல சாமான்தான். ஆனால் அது ஹேண்டிலின் வேகமான அசைவைத் தடுக்குமே தவிர, தேய்ந்த பேரிங்கைப் புதுசாக்காது. நோயை மறைக்கும். போதாததற்கு, அதை அதிகமாக இறுக்கினால் முன்பக்க ஆட்டம் குறைந்து அந்தப் பாம்பு நெளிசல் கூடவும் வாய்ப்பு உண்டு. 2023 மே மாதம் யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் 300 கி.மீ. வேகம் தொடப் போய் உயிரை விட்ட டேராடூன் யூடியூபர் ஓட்டியது கவாஸாகி இசட்எக்ஸ்-10ஆர். கம்பெனியே ஸ்டீயரிங் டேம்பரோடு விற்கும் வண்டி அது. வேகத்துக்கு டேம்பர் கிடையாது நண்பர்களே.

எதிர்த்தரப்பையும் விட்டுவிட முடியாது. "இந்த மாதிரி வண்டிகளையே தடை பண்ணணும்" என்று ஒரு கூட்டம். பிரச்சினை ஸ்போர்ட்ஸ் பைக்கோடு முடிந்துவிடுகிறதா? கோன்செட் லூசான, டயர் தேய்ந்த சாதாரண கம்யூட்டர் வண்டியிலும், 60-70-ல் கையை லேசாக விட்டால் ஹேண்டில் ஆடும். பின்னால் கேஸ் சிலிண்டரோ அரிசி மூட்டையோ கட்டியிருந்தால் இன்னும் ஆடும். தடை கேட்பவர்கள் தங்கள் வண்டியைச் சோதித்துப் பார்த்தது எப்போது?

சரி, ஆட்டம் வந்தே விட்டது. என்ன செய்வது? முழங்காலால் டேங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டும். உடம்பை முன்னால் சாய்த்து முன்பக்கம் பாரம் ஏற்ற வேண்டும். ஹேண்டிலை விடக்கூடாது, ஆனால் பிடியைத் தளர்த்த வேண்டும். ஆக்ஸிலேட்டரை மெதுவாகக் குறைக்க வேண்டும். முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிப்பதும், ஆக்ஸிலேட்டரைப் படாரென்று மூடுவதும் எமனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது. "இன்னும் முறுக்கு, சரியாயிடும்" என்று சொல்பவரிடம் ஒரே கேள்வி: அந்தக் கூடுதல் வேகத்தில் மறுபடி ஆடினால்? முன்னால் லாரி இருந்தால்? நின்ற பிறகு "ஒண்ணும் இல்ல, வா போலாம்" என்று கிளம்பவே கூடாது. அடுத்த மெக்கானிக் கடை வரைக்கும் உருட்டல்தான்.

2018-ல் மத்திய அரசு நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு வைத்த உச்சவரம்பு 80. அந்த வேகத்தில், சரியான டயர் காற்றோடு, இறுக்கமான கோன்செட்டோடு போகிறவனைக் கயத்தாறு காற்று தள்ளும், ஆனால் கொல்லாது. 140-ல் போகிறவன் தன் உயிரை மட்டும் பணயம் வைக்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருக்கும் நண்பன், சாலையைக் கடக்க நிற்கும் பருத்தி எடுக்கும் அக்கா, எல்லோரையும் கேட்காமலே சேர்த்து வைக்கிறான். 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மன் தூக்கில் ஏறிய ஊர் இது. அந்தச் சிலை முன்னால் பைக்கை நிறுத்தி போட்டோ எடுத்துவிட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்குவதற்கு வீரம் என்று பெயர் வைக்காதீர்கள், ப்ளீஸ்.

அடுத்த தடவை கிளம்பும் முன் மெக்கானிக்கிடம் முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தச் சொல்லுங்கள். ஹேண்டிலை மெதுவாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்புங்கள். நடுவில் 'டக்' என்று சிக்கினால் பேரிங் போச்சு. ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். 'கடகட' என்றால் கோன்செட் லூசு. பத்து நிமிஷ வேலை. அதைச் செய்துவிட்டு அப்புறம் காற்றைத் திட்டுங்கள்.