பழைய புத்தகம் வாங்கலாம், பழைய சட்டத்தைப் படிக்கக் கூடாது



இன்று கொஞ்சம் நீளமான பதிவு. நான் செய்த ஒரு தப்பையும் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு மாணவன் இப்போது கொத்தனாராக இருக்கிறான். அவன் மகள் சட்டம் படிக்கிறாள். அவர்கள் வீட்டில் முதல் பட்டதாரி ஆகப் போகிறவள் அவள்தான். போன வருஷம் அவன் வந்து, "டீச்சர், ஒவ்வொரு புத்தகமும் ஐந்நூறு, அறுநூறுங்கறாங்க. ஒரு பருவத்துக்கே அஞ்சாறு வாங்கணுமாம். என்ன பண்றதுன்னே தெரியல" என்றான்.

நான் யோசிக்காமல் சொன்னேன்: "புதுசு எதுக்குடா? பழைய பதிப்பு பாதி விலைக்குக் கிடைக்கும். சட்டம் என்ன வருஷா வருஷமா மாறப் போகுது?"

எங்கள் காலத்துப் பழக்கம் அப்படி. முழுப் பரீட்சை முடிவதற்குள்ளேயே மேல் வகுப்பு அண்ணன், அக்காவிடம் சொல்லி வைத்து, அரை விலைக்குப் புத்தகம் வாங்குவோம். காக்கி அட்டை போட்டு, பழைய பெயரை அடித்துவிட்டு நம் பெயரை எழுதினால் புதுப் புத்தகம்தான். சென்னையில் பயிற்சிக்குப் போனபோது திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடைகளில் நானே பை நிறைய வாங்கியிருக்கிறேன்.

என் பேச்சைக் கேட்டு அந்தப் பெண் பழைய புத்தகக் கடையில் அறுநூறு ரூபாய்க்கு ஐந்து கைடு வாங்கினாள். அதில் ஒன்று இந்திய தண்டனைச் சட்டம்.

2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது உங்களுக்குத் தெரியும். அதே நாளில் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் மாறின. வகுப்பில் புதுச் சட்டத்தைத்தான் நடத்தினார்கள். ஆனால் ராத்திரி உட்கார்ந்து மனப்பாடம் செய்தது கையில் இருந்த கைடை. இன்டர்னல் தேர்வில் திருட்டுக்கு 378 என்று எழுதினாள். இப்போது அது 303. கொலைக்குத் தண்டனை 302 என்று எழுதினாள். இப்போது 103. இருபதுக்கு ஏழு மார்க்.

வீட்டில் அவள் சொல்லவே இல்லை. அப்பா ஒரு நாள் கூலியை மறுபடியும் கொடுத்துப் புதுப் புத்தகம் வாங்கியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. என்னிடம் வந்தபோதுகூட, "உங்க மேல தப்பு இல்ல பாட்டி, நான்தான் பாத்திருக்கணும்" என்றாள். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் ஆசிரியர் பயிற்சி மட்டும் முடித்தவள். தெரியாத படிப்புக்கு அவ்வளவு உறுதியாக யோசனை சொன்னது என் தப்பு.

அதற்குப் பிறகு வக்கீல்களாக இருக்கும் என் பழைய மாணவர்களிடம் உட்கார்ந்து பாடம் கேட்டேன். கேட்டதை எழுதுகிறேன். சட்டம் படிக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

பழைய பதிப்பே வாங்கக் கூடாது என்பது என் கருத்தல்ல. எந்தப் பாடத்துக்கு வாங்கலாம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

முதலாவது, தைரியமாக வாங்கக்கூடியவை. ஒப்பந்தச் சட்டம் 1872-ஐச் சேர்ந்தது. சொத்து மாற்றுச் சட்டம் 1882-ஐச் சேர்ந்தது. இவற்றின் அடிப்படை பெரிதாக மாறவில்லை. தீங்கியல், சட்டவியல் பாடங்களும் அப்படித்தான். பத்து வருஷப் பழைய புத்தகத்திலும் விளக்கம் நன்றாகவே இருக்கும்.

இரண்டாவது, வருஷம் பார்த்து வாங்க வேண்டியவை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இல் வந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்பிலேயே பங்கு உண்டு என்று 2005-இல் நாடு முழுவதற்கும் திருத்தினார்கள். தமிழ்நாடு 1989-லேயே ஓரளவு கொடுத்துவிட்டது. ஆனால் 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு, தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2020-இல்தான். அதற்கு முந்தைய கைடைப் படித்தால், பெண்ணுக்குப் பங்கு இல்லை என்று தப்பாக எழுத நேரலாம். அரசியலமைப்புச் சட்டமும் அப்படித்தான். அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்ற தீர்ப்பு 2017-இல் வந்தது.

மூன்றாவது, பழையதை நம்பவே கூடாதவை. அந்த மூன்று குற்றவியல் சட்டங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் அப்படியே. 1986 சட்டம் போய் 2019 சட்டம் வந்துவிட்டது. மாறியது எண் மட்டுமல்ல. தண்டனைச் சட்டத்தில் 511 பிரிவுகள் இருந்தன, இப்போது 358. பறிப்புத் திருட்டு தனிக் குற்றமாக வந்திருக்கிறது. சில சிறு குற்றங்களுக்குச் சமூக சேவை ஒரு தண்டனையாக வந்திருக்கிறது. ஏமாற்றுக்காரனை நாம் 'ஃபோர் ட்வென்டி' என்கிறோம். அந்த 420 இப்போது 318. ஊர்ப் பேச்சு மாற நாளாகும், பரீட்சைத் தாள் காத்திருக்காது.

அதற்காக அந்தப் பழைய கைடைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். திருட்டு என்றால் என்ன, ஏமாற்றுதல் என்றால் என்ன என்ற விளக்கம் பெரும்பாலும் அப்படியே தொடர்கிறது. 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். நீதிமன்றங்களில் அந்த வழக்குகள் இன்னும் பல வருஷம் ஓடும்.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது ஒன்றுதான். விளக்கம் பழசாக இருக்கலாம், சட்டம் புதுசாக இருக்க வேண்டும். விளக்கம் இல்லாமல் சட்ட வாசகம் மட்டும் உள்ள 'பேர் ஆக்ட்' புத்தகம், கைடை விட விலை குறைவு. அதைப் புதுசாக வாங்குங்கள். அதற்கும் காசு இல்லையென்றால் மத்திய அரசின் 'இந்தியா கோடு' இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். பழைய கைடைப் பக்கத்தில் வைத்து, மாறிய இடங்களைப் பென்சிலால் திருத்திக்கொண்டே படியுங்கள். அப்படித் திருத்தும்போதே பாதி மனதில் பதிந்துவிடும்.

கடையில் புத்தகத்தைக் கையில் எடுத்ததும், உள்பக்கத்தில் அது எந்த வருஷப் பதிப்பு என்று பாருங்கள். புதுப் பதிப்பு வந்திருந்தால் அதன் முன்னுரையையும் புரட்டுங்கள். என்ன சேர்த்திருக்கிறோம் என்று பெரும்பாலும் அதில் சொல்லியிருப்பார்கள். சொல்லும்படி ஒன்றும் இல்லையென்றால் பழையதே போதும்.

வக்கீலாக இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அலமாரியில் தூங்கும் புத்தகங்களைப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது முதல் பக்கத்தில், 'இது இந்த வருஷம் வரைதான், இதற்குப் பிறகு இன்னது மாறியது' என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். அந்த இரண்டு வரி தெரியாமல்தான் ஒரு பெண் பதின்மூன்று மார்க் இழந்தாள்.

அவள் இப்போது என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் படிக்கிறாள். பழைய கைடில் 378-ஐ அடித்து 303 என்று எழுதுகிறாள். எண்களை நான் வாசிக்கிறேன், அவள் திருத்துகிறாள். அறுபது வயதுக்கு மேல் நானும் சட்டம் படிக்கிறேன்.

கொடுக்கப் புத்தகம் இருப்பவர்கள் எனக்குச் சொல்லுங்கள். கேட்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்