‘எப்பம்மா ஸ்கூல் திறப்பாங்க?’ - வேலைக்குப் போகும் அம்மாவின் கோடைக் கணக்கு

கடந்த ஆண்டு மே மாதத்தின் மூன்றாவது வாரம். கிண்டியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் அந்த அம்மா, குரோம்பேட்டையில் மின்சார ரயிலைவிட்டு இறங்கி வீடு வந்து சேர்ந்தபோது இரவு எட்டு மணி. ஒன்றாம் வகுப்பு முடித்திருந்த சின்ன மகள் செருப்பைக்கூட கழற்ற விடாமல் கேட்டாள்: “எப்பம்மா ஸ்கூல் திறப்பாங்க?”

பரீட்சை முடிந்த அன்று பையைச் சுழற்றி மூலையில் எறிந்த குழந்தை அது. லீவு விட்டு ஒரு மாதத்துக்குள் ஸ்கூலைத் தேட ஆரம்பித்துவிட்டது. ஏன் என்று கேட்டதற்கு வந்த பதில்தான் அந்த அம்மாவைத் தூங்க விடவில்லை. “ஸ்கூல்னா ஒரே இடத்துல இருக்கலாம்ல!”

அந்தக் கோடைக்கு அவர் போட்டிருந்த அட்டவணை அப்படி. ஐந்தாம் வகுப்பு முடித்த மகனுக்குக் காலை ஆறரைக்கு நீச்சல். இருவருக்கும் பத்து மணிக்கு ஓவியம். பதினொன்றரைக்கு அபாகஸ். மாலை ஐந்துக்கு ஹிந்தி. இத்தனைக்கும் கூட்டிக்கொண்டு போய்வந்தவர், முட்டி வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்கும் மாமியார். கத்திரி வெயிலில் ஆட்டோவுக்குக் காத்து நின்று, நான்காவது வாரத்தில் மகனுக்குக் காய்ச்சல். அதற்குப் பிறகு இரண்டு வகுப்புகளுக்குப் பணம் கட்டியதோடு சரி.

பிள்ளைகளின் திறமையை வளர்க்கத்தான் இத்தனை வகுப்புகள் என்று அவரே நம்பிக்கொண்டிருந்தார். யோசித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த அட்டவணையில் இருந்த எதுவும் பிள்ளைகள் கேட்டதல்ல. காலை எட்டரையிலிருந்து இரவு எட்டு வரை அம்மா வீட்டில் இல்லை என்ற பள்ளத்தை நிரப்பக் கொட்டிய மண் அது. ஓவியத்துக்குப் பதில் பரதநாட்டியம் கிடைத்திருந்தால் அதையும் போட்டிருப்பார்.

மார்ச்சிலேயே உட்கார்ந்தால்...

இந்த ஆண்டு அவர் செய்த முதல் மாற்றம், அட்டவணையை மணிக்கணக்கில் போடாமல் வாரக்கணக்கில் போட்டது. தினசரி காலண்டர் இதற்கு உதவாது. மளிகைக் கடையில் கொடுப்பார்களே, பெரிய பெரிய கட்டம் போட்ட மாதக் காலண்டர், அதுதான் சரி. ஏப்ரல், மே, ஜூன் முதல் வாரம் என மூன்று தாள்களையும் கிழித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

முதலில் சிவப்பு மையில் குறித்தது அலுவலகத்தின் தலைவலி நாட்களை. கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாதம் 11-ம் தேதி ஒரு ஜிஎஸ்டி தாக்கல், 20-ம் தேதி இன்னொன்று. ஏப்ரல் முழுக்க ஆண்டுக் கணக்கு முடிப்பின் மிச்சம். மே 31-க்குள் டிடிஎஸ் ரிட்டர்ன். இந்தத் தேதிகளுக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்கள் எப்படியும் வீடு திரும்பத் தாமதமாகும். சென்ற ஆண்டு மகனின் நீச்சல் நிறைவு நாளும், வீட்டுக்கு விருந்தினர் வந்ததும் சரியாக 19, 20 தேதிகளில்தான் விழுந்தன. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை.

நர்ஸுக்கு டியூட்டி ரோஸ்டர், ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு முகூர்த்த நாட்கள் என ஒவ்வொரு வேலைக்கும் இப்படிச் சில சிவப்பு நாட்கள் உண்டு. ஆசிரியைகள் பாடுதான் பெரும் பாடு. ‘உங்களுக்கென்ன, லீவுதானே’ என்று ஊரே சொல்லும். விடைத்தாள் திருத்தவும் அட்மிஷன் வேலைக்கும் அவர்கள் வெயிலில் அலைவது யார் கண்ணிலும் படாது.

அடுத்து பள்ளி விடுமுறையின் தொடக்கமும் முடிவும். ஒரே வீட்டில் ஒரு பிள்ளை மாநிலப் பாடத்திட்டம், இன்னொன்று சிபிஎஸ்இ என்றால் சிக்கல் இரட்டிப்பு. ஒருவருக்குப் பரீட்சை நடக்கும்போது மற்றவருக்குப் புது வகுப்பே தொடங்கியிருக்கும். இருவருக்கும் பொதுவாக விடுமுறை இருக்கும் வாரங்களை மட்டும் தனி வண்ணத்தில் குறித்துக்கொண்டால், ஊருக்குப் போகும் வாரம் தானாகத் தெரிந்துவிடும்.

லீவை யார் போடுவது?

இந்த இடத்தில்தான் பல வீடுகளில் பேச்சு நின்றுபோகிறது. ‘நான் ஹெல்ப் பண்றேன்’ என்கிற கணவர்கள் நிறையப் பேர். பென்சிலை எடுத்துக் கட்டத்தில் தன் பெயரை எழுதுகிறவர்கள் குறைவு.

குரோம்பேட்டை வீட்டில் நடந்தது இது. கணவனும் மனைவியும் வழக்கமாக மே மாதத்தில் ஒரே நேரத்தில் ஏழு நாள் லீவு போடுவார்கள். அந்த ஏழு நாளும் கல்யாணம், காதுகுத்து, குலதெய்வம் என்று ஓடிவிடும். மிச்சமிருக்கும் ஐந்து வாரமும் பாட்டியின் தலையில். இந்த முறை சேர்ந்து போடுவது நான்கு நாள்தான். மீதியை ஆளுக்கு மும்மூன்றாகப் பிரித்து வெவ்வேறு வாரங்களில் வைத்திருக்கிறார்கள். அவருக்கு 11, 20 தேதிகளை ஒட்டி வேலை குவியும்போது கணவர் வீட்டில் இருப்பார். முதலில் கணவர் தயங்கினார். “ஏங்க, என் ஆபீஸ்ல மட்டும் என்ன, என்னைக் கூப்பிட்டா கொடுக்குறாங்க? கேட்டுத்தானே வாங்குறேன்” என்று மனைவி சொன்னதும் பேச்சு முடிந்தது.

மேலதிகாரியிடமும் மார்ச் மாதத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. ‘நாளைக்கு லீவு வேணும் சார்’ என்று கேட்டால் கிடைக்காத நாள், ஆறு வாரம் முன்னால் தேதியோடு கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லேப்டாப்பும் வீட்டில், பிள்ளைகளும் வீட்டில் என்பதால் பிள்ளை பார்க்க ஆள் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மீட்டிங் நடக்கும் ஒரு மணி நேரத்துக்காவது வேறு ஆள் வேண்டும்.

சின்னக் குழந்தைகள் உள்ளவர்கள் இன்னொன்றும் கவனிக்கலாம். 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும் என்பதும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்பதும் 2017-ல் மகப்பேறு பயன் சட்டத்தில் செய்த திருத்தம் கொண்டுவந்த விதி. பல இடங்களில் யாரும் கேட்காததால் யாரும் சொல்வதும் இல்லை. மனிதவளப் பிரிவில் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்பதில் தவறில்லை.

பாட்டி என்பவர் காப்பகம் அல்ல

சென்ற ஆண்டு ஜூன் மாதம், பள்ளி திறந்த அன்று மாமியார் சொன்ன வார்த்தை இது. “ஏம்மா, நான் பேரப்பிள்ளைங்களோட இருந்த மாதிரியே இல்லம்மா. அவங்களை ஏத்திவிட்டு இறக்கிவிட்ட மாதிரிதான் இருந்துச்சு.” கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் மருமகளுக்கு அதிகமாக வலித்தது.

இந்த ஆண்டு காலண்டர் போடும்போது மாமியாரையும் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ‘அத்தை, உங்களுக்கு எந்த நேரம் வேணும்?’ என்று மருமகள் கேட்க, முதலில் அவருக்குக் கேள்வியே புரியவில்லை. பிறகு யோசித்துச் சொன்னார். மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை படுக்க வேண்டும், அந்த நேரத்தில் யாரும் எழுப்பக் கூடாது. வியாழக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போக வேண்டும், தனியாக. அவ்வளவுதான்.

அந்த ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் பிள்ளைகளின் கார்ட்டூன் நேரம் ஒதுக்கப்பட்டது. போனைப் பிடுங்கி வைப்பதால் நாள் முழுக்கச் சண்டைதான் மிச்சம். எப்போது கிடைக்கும் என்று தெரிந்தால் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், ஓரளவுக்கு. போன் அல்ல, டிவி என்பது இந்த வீட்டின் விதி. டிவியில் என்ன ஓடுகிறது என்று அடுத்த அறையில் படுத்திருப்பவருக்கும் கேட்கும் அல்லவா?

வகுப்பு இந்த முறை ஒன்றே ஒன்று. மகன் நீச்சலையே கேட்டான். காலை ஆறரைக்கு அப்பா கூட்டிப் போய் ஒன்பது மணி வெயிலுக்கு முன் வீட்டில் விட்டுவிடுவார். மகள் எதுவும் வேண்டாம் என்றாள். அதையும் ஒப்புக்கொண்டார்கள். சனிக்கிழமை மட்டும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். அங்கே குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஏசியும் இருக்கிறது, கட்டணமும் இல்லை. மதுரைக்காரர்களுக்கு 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. மற்ற ஊர்களில் மாவட்ட மைய நூலகத்தை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

மற்ற நேரத்தில் ‘போர் அடிக்குது’ என்பார்களே? அடிக்கட்டும். இரண்டு நாள் அடித்தால் மூன்றாம் நாள் அட்டைப்பெட்டியில் வீடு கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். வீடு குப்பையாகும், அது வேறு விஷயம்.

அடுப்படியில் ஒரு மணி நேரம் மிச்சம்

கோடையில் சமையல் சுருங்க வேண்டும், ஆனால் லீவில் பிள்ளைகள் வீட்டிலேயே இருப்பதால் பெருகிவிடுகிறது. காலையில் ஒரே தடவை அடுப்பு. மதியத்துக்கு ஒரு குழம்பு, ஒரு பொரியல், மோர். வெள்ளரிக்காய், தர்பூசணியை நறுக்கி மூடிவைத்துவிட்டால் பதினொரு மணிப் பசிக்குப் பிள்ளைகளே எடுத்துக்கொள்வார்கள். வாரத்தில் இரண்டு நாள் காலையில் பழைய சோறும் சின்ன வெங்காயமும். அன்று அடுப்பே பாதி நேரம்தான்.

இட்லி மாவை வாரத்துக்கு மொத்தமாக அரைக்கும் பழக்கத்தை மட்டும் மே மாதத்தில் விட்டுவிடலாம். இந்த வெயிலில் மாவு சில மணி நேரத்திலேயே பொங்கி வழியும். மூன்று நாளைக்கு மட்டும் அரைத்து, புளித்ததும் உடனே ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது. வடாம் போடுவது, மாவடு ஊறவைப்பது எல்லாம் விருப்பம் இருந்தால் செய்யலாம். ‘எங்க அம்மா போட்டாங்க’ என்பதற்காக ஞாயிற்றுக்கிழமை காலையை மொட்டை மாடியில் கழிக்க வேண்டியதில்லை.

ஊருக்குப் போகும் முன்

ரயிலில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. 2024 நவம்பர் வரை 120 நாளாக இருந்தது. அந்தப் பழைய நினைப்பிலேயே பலர் குழம்பிப்போகிறார்கள். ஜூன் 1 அன்று திரும்ப வேண்டும் என்றால் ஏப்ரல் 2 காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும். போகும் டிக்கெட்டைவிடத் திரும்பும் டிக்கெட்தான் முக்கியம். ஏப்ரலில் ஆளுக்கொரு நாளில் ஊருக்குக் கிளம்பியவர்கள், பள்ளி திறப்பதற்கு முந்தைய இரண்டு நாட்களில் ஒரே நேரத்தில் திரும்புகிறார்கள்.

பிள்ளைகளை மட்டும் பத்து நாள் தாத்தா வீட்டில் விடுவதாக இருந்தால், துணிமணியோடு சேர்த்து ஒரு பேச்சும் தேவை. ஒவ்வொரு கோடையிலும் ஆறு, குளம், கிணறுகளில் பிள்ளைகள் மூழ்கும் செய்தி வராமல் இருப்பதில்லை. நகரத்துப் பிள்ளைக்கு நீச்சல் குளம் தெரிந்திருக்கலாம். சேறும் பாசியும் திடீர் பள்ளமும் தெரியாது. பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் நீர்நிலைப் பக்கம் போகக் கூடாது என்பதைப் பிள்ளையிடம் மட்டுமல்ல, தாத்தாவிடமும் மாமாவிடமும் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ‘நாங்கள்லாம் அப்படித்தானே வளர்ந்தோம்’ என்பார்கள். சொல்லட்டும்.

பாட்டி கோயிலுக்குப் போகும் வியாழக்கிழமை சாயங்காலம் இந்த வீட்டில் இன்னும் ஒரு சிக்கலாகத்தான் இருந்தது. அன்று மாலை ஒன்றரை மணி நேரம் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்? மகனுக்கு வயது பதினொன்று, தங்கையைப் பார்த்துக்கொள்வான் என்று அப்பா சொன்னார். அம்மா ஒப்பவில்லை. கேஸ், மாடிக் கைப்பிடிச் சுவர், யாராவது கதவைத் தட்டினால் என்று அவர் மனதில் ஓடியது வேறு. கடைசியில் எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டார்கள். அவருக்கு செவ்வாய்க்கிழமைகளில் தன் மகளை விட ஓர் இடம் வேண்டியிருந்ததாம்! இரண்டு வீட்டுக்கும் ஒப்பந்தமாகிவிட்டது. கதவுக்குப் பின்னால் அம்மா, அப்பா, எதிர்வீட்டு எண்களோடு குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ம் பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. சின்னவளுக்கு மனப்பாடம்.

இப்போது ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும் மூன்று தாள்களில் பாதிக் கட்டங்கள் காலி. அதைப் பார்த்து மகளுக்குத்தான் சந்தேகம். “இதுல எல்லாம் என்னம்மா?”

“ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணுமே இல்லையா?” என்று இன்னொரு முறை உறுதிப்படுத்திக்கொண்டு, கிரேயான் டப்பாவை எடுத்து வந்து மே 9-ல் ஒரு மாம்பழம் வரைந்தாள். பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் ஒரு நுங்கும் போடச் சொன்னார்.