புல்லைக் கூட்டாகப் படிக்கும் அயர்லாந்து

அயர்லாந்தின் வேளாண் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் புல்தான். மழைக்குக் குறைவில்லை, குளிரும் கொடுமையானதல்ல; வடிகால் நன்றாக உள்ள மண்ணில் ஆண்டில் பத்து மாதம் வரை மாடுகள் வெளியே மேயும். தானாக முளைக்கும் புல்லைப் பற்றிக் கூடிப் பேச என்ன இருக்கிறது என்று யாருக்கும் தோன்றும். ஆனால் ஐரிஷ் புல்நிலச் சங்கம் 1946-இல் தொடங்கப்பட்டு, மாநாடுகளையும் பண்ணை நடைகளையும் இன்றுவரை நடத்தி வருகிறது. அதற்குக் காரணம் உண்டு. ஒரே மழை, ஒரே மாதிரி மண் இருந்தும் பக்கத்துப் பக்கத்துப் பண்ணைகளில் விளைச்சல் வெகுவாக வேறுபடுகிறது. மாட்டை ஒரு மேய்ச்சல் அடைப்புக்குள் எந்த நாளில் விடுவது, எந்த நாளில் வெளியே எடுப்பது என்ற முடிவுக்கு அந்த வேறுபாட்டில் பெரும்பங்கு உண்டு. அந்த முடிவெடுக்கும் திறன், அதே வேலையைச் செய்யும் இன்னொருவரின் நிலத்தில் நின்று கண்ணால் பார்க்கும்போது வருவதுபோல் வேறெப்படியும் வருவதில்லை. இந்தப் புல்வெளிகளால் இன்று நேர்ந்திருக்கும் நீர் மாசுக்கும் தீர்வு சட்டத்தில் மட்டும் இல்லை, இந்தக் கூட்டுப் படிப்பிலும் இருக்கிறது என்பதே என் வாதம்.

அந்தப் புல்வெளிகளில் வளரும் ரை புல்லின் ஒரு தூரில் ஒரு நேரத்தில் மூன்று பச்சை இலைகள்தான் நிற்கும். நான்காவது இலை விரியும்போது முதலாவது பழுத்துச் சாகிறது. ஆகவே மூன்றாம் இலை விரியும் தறுவாயில் மேயவிட வேண்டும். தாமதித்தால் வளர்ந்த புல் மண்ணுக்குத்தான் போகும். முந்தினாலும் நட்டம்தான்: அடித்தண்டில் சேர்ந்த சர்க்கரைச் சத்தைக் கொண்டுதான் புல் மறுபடி துளிர்க்கிறது, அது சேரும் முன்பே மேய்த்தால் அடுத்த சுற்று இளைத்துப்போகும். ஹெக்டேருக்கு ஏறக்குறைய 1,400 கிலோ உலர் எடை சேர்ந்ததும் மாட்டை விட்டு, 4 செ.மீ. உயரம் மிஞ்சும்வரை மேயவிட்டு எடுப்பது அங்கே பால் பண்ணைகளுக்குச் சொல்லப்படும் அளவு. அதற்காக வாரம் ஒருமுறை, கோலில் ஏறி இறங்கும் தட்டு பொருத்திய அளவியைப் புல்மேல் வைத்துவைத்து ஒவ்வொரு அடைப்பையும் நடந்து அளக்கிறார்கள். 2013-இல் வந்த ‘பாஸ்ச்சர்பேஸ் அயர்லாந்து’ என்ற தகவல் தளத்தில் அந்தக் கணக்கு ஏறுகிறது. ஒழுங்காக அளந்துவரும் பால் பண்ணைகள் ஆண்டில் ஹெக்டேருக்கு 13, 14 டன் உலர்புல் எடுக்கின்றன.

இவ்வளவையும் ஒரு துண்டறிக்கையில் அச்சிட்டுக் கொடுத்துவிடலாம். கொடுத்தும் பார்த்தார்கள். 4 செ.மீ. என்று படிப்பது எளிது. பால் குறைந்துவிடுமோ என்ற பயத்தில் மாட்டை ஒரு நாள் முன்னதாகவே எடுத்துவிடும் கையை அந்த எண் தடுக்காது. அந்தப் பயத்தைப் போக்குவது, அரசு வேளாண் ஆய்வு, ஆலோசனை அமைப்பான சாகஸ்கும் தனியார் ஆலோசகர்களும் வழிநடத்தும் கலந்துரையாடல் குழுக்கள். பத்து, இருபது பேர் மாதம் ஒருமுறை ஓர் உறுப்பினரின் பண்ணையில் கூடுவார்கள். புல்லை மட்டுமல்ல, வரவு செலவுக் கணக்கையும் அவர் விரித்து வைப்பார்: தீவனத்துக்கு எவ்வளவு, உரத்துக்கு எவ்வளவு, கையில் நின்றது எவ்வளவு. தன் நட்டத்தை அண்டை வீட்டார் முன் சொல்லும் துணிவு ஓரிரு கூட்டங்களில் வந்துவிடாது. வந்தபின் அங்கே நடக்கும் கல்விக்கு ஈடில்லை. 1989-இல் இந்தோனேசிய நெல் வயல்களில் உருவாகி, பிறகு தமிழ்நாட்டுக்கும் வந்த உழவர் வயல்வெளிப் பள்ளியின் அடிப்படையும் இதுவே: பாடம் வயலில், ஆசிரியர் சக உழவர்.

குழுவில் இருக்கும் பால் பண்ணையாளர்கள் புதிய முறைகளைக் கூடுதலாக ஏற்கிறார்கள், அவர்கள் லாபமும் கூடுதல் என்று 2012-இல் வெளியான ஓர் அயர்லாந்து ஆய்வு காட்டியது. கெட்டிக்காரர்கள்தானே குழுவில் சேர்கிறார்கள், லாபம் அவர்கள் திறமையால் வந்ததாக இருக்கலாமே என்று கேட்பது நியாயம். அதில் ஒரு பங்கு உண்மைதான். ஆனால் மற்றவர்களையும் குழுவுக்குள் கொண்டுவர வழி உண்டு: 2010 முதல் மூன்று ஆண்டுகள், குழுவில் சேர்ந்து கூட்டங்களுக்கு ஒழுங்காக வருபவர்களுக்கு அரசு உதவித்தொகை கொடுத்தது. காசுக்காகக் கூட்டமா என்று அன்று முகம் சுளித்தவர்கள் உண்டு. தானாக வராதவர்களை ஒரு தொகை உள்ளே அழைத்து வந்தால், அதைவிட நல்ல செலவு வேளாண் துறைக்கு என்ன இருக்க முடியும்?

இதைவிடக் கனமான குற்றச்சாட்டு வேறு. 1984 முதல் இருந்த ஐரோப்பிய பால் உற்பத்தி வரம்பு 2015-இல் நீங்கியது. 2010-இல் 11 லட்சத்தை ஒட்டி இருந்த கறவை மாடுகள் சில ஆண்டுகளில் 16 லட்சத்தை நெருங்கின. புல்லைக் கூட்ட யூரியாவும் பிற தழைச்சத்து உரங்களும் கொட்டப்பட்டன. நீர் எளிதாக இறங்கும் தென்கிழக்கு மண்ணில் அந்தத் தழைச்சத்து நைட்ரேட்டாக ஆறுகளுக்கும் கழிமுகங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. நாட்டின் மேற்பரப்பு நீர்நிலைகளில் ஏறக்குறைய பாதி நல்ல நிலையில் இல்லை. உழவர்கள் ஒருவரிடம் ஒருவர் கற்றது இதைத்தானா என்று சூழலியலாளர்கள் கேட்கிறார்கள். தட்டிக்கழிக்கக் கூடாத கேள்வி அது. ஒரு குழு எதை அளக்கிறதோ அதில்தான் தேர்ச்சி பெறும். இவர்கள் புல்லையும் பாலையும் பணத்தையும் அளந்தார்கள், அவற்றில் தேர்ந்தார்கள். ஓடை நீரை அளக்கவில்லை. பிழை கூடிக் கற்றதில் இல்லை, பாடத்திட்டத்தில் இருந்தது.

அதே முறை வேறு பாடத்தையும் கொண்டுசேர்க்கும் என்பதற்கு வெள்ளைக் கிளோவர் சாட்சி. இது பயறு வகைச் செடி. வேர் முடிச்சுகளில் காற்றின் தழைச்சத்தைப் பிடித்து வைக்கும். புல்லோடு இது கலந்திருந்தால், தனிப் புல்லுக்கு ஆண்டில் ஹெக்டேருக்கு 250 கிலோ தழைச்சத்து இட்டு எடுக்கும் விளைச்சலை 150 கிலோவிலேயே எடுக்கலாம் என்று சாகஸ்கின் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் கிளோவர் செல்லப்பிள்ளை. விதை ஒரு செ.மீ.க்கு மேல் ஆழம் போகக் கூடாது. முளைத்த நாற்றைப் புல் மூடி வெளிச்சத்தை மறைத்தால் செத்துவிடும், ஆகவே முதல் சில மாதம் குறைந்த இடைவெளியில் ஒட்ட மேய்க்க வேண்டும். பசித்த மாடு செழித்த கிளோவரில் பாய்ந்தால் வயிறு உப்பிச் சாகவும் கூடும். ஒருமுறை மாட்டை இழந்தவர் மறுபடி விதைக்கத் துணிய வேண்டுமானால், கிளோவரில் மேய்த்தும் மாட்டைப் பிழைக்க வைத்த இன்னொருவரின் அடைப்பில் போய் நிற்க வேண்டும். நாட்டின் தழைச்சத்து உர விற்பனை 2021-இல் இருந்த ஏறக்குறைய 4 லட்சம் டன்னிலிருந்து 2023-இல் 2.8 லட்சம் டன்னுக்கு இறங்கியது. உக்ரைன் போரை ஒட்டி ஏறிய உர விலை அதற்குப் பெரிய காரணம். விலை இறங்கியபின்னும் உரம் குறைந்தே இருக்க வேண்டுமானால், கிளோவரை வளர்க்கத் தெரிந்த கைகள் பெருக வேண்டும்.

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எருவின் தழைச்சத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் ஆண்டில் ஹெக்டேருக்கு 170 கிலோ என்று வரம்பு வைத்திருக்க, அயர்லாந்து உழவர்கள் சிறப்பு அனுமதியில் 250 கிலோ வரை போனார்கள். 2024 முதல் பல பகுதிகளில் அது 220 ஆகக் குறைக்கப்பட்டது. அந்தக் கெடுபிடி இல்லாமல் பலர் அசைந்திருக்க மாட்டார்கள். ஆனால் எத்தனை கிலோ என்று சொல்லும் சட்டம், குறைத்த உரத்தில் எப்படிப் பிழைப்பது என்று சொல்லித்தராது. 2008 முதல் சாகஸ்க் சில நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் ஓடைகளின் நைட்ரேட்டைத் தொடர்ந்து அளந்து, அங்குள்ள உழவர்களோடு பேசி வருகிறது. அந்த அளவீடு நாடெங்கும் ஒவ்வொரு கலந்துரையாடல் குழுவுக்கும் போக வேண்டும். பண்ணை நடையில் புல் எடையும் லாபமும் எழுதப்படும் அதே பலகையில், பக்கத்து ஓடையின் நைட்ரேட் எண்ணும் எழுதப்பட வேண்டும். அதற்கான சோதனைச் செலவையும், கிளோவர் நிலத்தைத் திறந்து காட்டும் பண்ணையாளருக்கான ஊதியத்தையும் அரசு ஏற்க வேண்டும்.