கருக்களாச்சேரிக் கோட்டையைத் தேட வேண்டும்

காரைக்காலில் பிரெஞ்சு ஆட்சி காலூன்றியபோது கைமாறிய இடங்களில் கருக்களாச்சேரிக் கோட்டையும் ஒன்று. இன்று அந்த மீனவக் கிராமத்தில் படகுகள் உண்டு, வலைகள் உண்டு. கோட்டை என்று கைகாட்ட ஒரு சுவர் இல்லை.

1738-இல் தஞ்சை மராட்டிய மன்னர் சாகுஜி அரியணையை இழந்து பணத்துக்கும் படைக்கும் அலைந்தார். புதுச்சேரி கவர்னர் துய்மா அந்த நெருக்கடியைப் பயன்படுத்திக் காரைக்காலையும் இந்தக் கோட்டையையும் விலை பேசினார். அரியணை திரும்பக் கிடைத்ததும் சாகுஜி பேச்சு மாறினார். கடைசியில் திருச்சியைக் கைப்பற்றியிருந்த சந்தா சாகிபின் படை இடத்தைப் பிடித்துக் கொடுக்க, 1739 பிப்ரவரி 14 அன்று காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமானது. ஆக, இது அவர்கள் கட்டிய கோட்டை அல்ல, அவர்களுக்கும் முந்தையது. பிரெஞ்சு நினைவுச் சின்னங்களைப் பட்டியலிடும்போது இது விடுபட்டுப்போவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சுவர்கள் எங்கே போயின?

டெல்டாவில் மலை இல்லை, பாறை இல்லை. கருங்கல்லும் நல்ல செங்கல்லும் இங்கே என்றைக்கும் விலையுள்ள பொருள்கள். ஆள் இல்லாத கோட்டை அக்கம்பக்கத்துக்கு இலவசச் சூளையாகிவிடும். கங்கைகொண்ட சோழபுரத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட, சோழர் கோயில் மதிலின் கற்களையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். அரண்மனை இருந்த மாளிகைமேடும் தரைமட்டம். ஆனாலும் 1980-களில் அங்கே தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல் அடித்தளங்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள் எல்லாம் வெளிப்பட்டன. மேலே எடுத்துச் சென்றவர்கள் கீழே இருந்ததை முழுதாகக் காலி செய்யவில்லை.

புதைந்து கிடப்பது சில இடங்களில் தானாகவே தெரியவரும். பிரிட்டனில் 2018 கோடை வறட்சியின்போது, 1938-இல் இடிக்கப்பட்ட கிளம்பர் மாளிகையின் அறைகள் காய்ந்த புல்வெளியில் கோடுகோடாகத் தெரிந்தன. நம் ஈரமண்ணில் அப்படித் தானாகத் தெரியாது. தேடித்தான் ஆக வேண்டும்.

காரைக்காலுக்கு வடக்கே சில கிலோமீட்டரில், 1620-இல் எழுந்த டேனிஷ் கோட்டை தரங்கம்பாடிக்குப் பெயரும் பிழைப்பும் தருகிறது. கருக்களாச்சேரிக்கு அந்த அளவு வேண்டாம். முதலில் செய்ய வேண்டிய வேலைக்குச் செலவு அதிகமில்லை. பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் உள்ள காலனி ஆவணக் காப்பகத்தில் பழைய வரைபடங்களைத் தேடி, இன்றைய நிலப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். மேடு, திட்டு, கோட்டை என்று முடியும் நிலப் பெயர்களைக் கிராமத்துப் பெரியவர்களிடம் கேட்டுக் குறிக்க வேண்டும். சந்தேகத்துக்குரிய இடங்களில் தரை ஊடுருவும் ரேடாரை ஓட்டிப் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே உறுதி சொல்லியாக வேண்டும். ஆய்வின் பெயரால் ஒரு குடும்பத்தையும் காலி செய்யச் சொல்லக் கூடாது. 2004 சுனாமியைத் தாங்கி வாழும் கரை இது. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது சுண்ணாம்புச் சாந்து ஒட்டிய தட்டையான பழைய செங்கல் வந்தால், வேலை நின்றுவிடுமோ என்று பயந்து மூடிவிடாமல், வீட்டுக்காரர் தைரியமாகப் பஞ்சாயத்தில் சொல்லும் நிலை வர வேண்டும். புதுச்சேரி அரசு அந்த உத்தரவாதத்தை எழுத்தில் கொடுத்துவிட்டு ஆய்வுக்கு ஆள் அனுப்பட்டும்.