மின்காரைக் கயிற்றில் கட்டாதீர்கள்

மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே ஏ9 வீதியில் ஒரு கார் நின்றுபோனால் வழக்கமாக நடப்பது இதுதான். தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றப் போகும் லொறியொன்று ஓரங்கட்டும். நைலோன் கயிறு வெளியே வரும். "நியூட்ரல்ல போடுங்க, இழுத்துக்கிட்டுப் போறேன்" என்பார் சாரதி. முகம் தெரியாத ஒருவருக்காக வண்டியை நிறுத்தும் அந்த மனசை நான் மதிக்கிறேன். ஆனால் நிற்பது நிசான் லீஃபோ பிவைடியோ என்றால் அந்த உதவி காரையே முடித்துவிடலாம். நியூட்ரலில் போட்டால் எந்த வாகனத்தையும் கட்டி இழுக்கலாம் என்ற நம்பிக்கை கிளச்சும் கியர்பெட்டியும் இருந்த காலத்தில் பிறந்தது. மின்கார் விஷயத்தில் அது தவறு.

பழைய காரில் நியூட்ரல் போட்டால் கியர்பெட்டிக்குள் பிணைப்பு விட்டுப்போகும். சில்லு உருளும், எஞ்சின் சும்மா கிடக்கும். லீஃபில் அப்படி விட்டுப்போக எதுவுமே இல்லை. கிளச் கிடையாது. இருப்பது ஒரே கியர், மோட்டர் முன் சில்லுகளோடு எப்போதும் இணைந்தே இருக்கிறது. நியூட்ரல் போட்டால் மோட்டருக்கு மின்சாரம் கொடுக்க வேண்டாம் என்று கணினிக்குக் கட்டளை போகிறது, அவ்வளவுதான். சில்லு உருண்டால் மோட்டரும் சுற்றியே தீரும். அதன் உள்ளே நிரந்தரக் காந்தங்கள் பதித்திருக்கிறார்கள். சுருளுக்குள் காந்தம் சுற்றினால் மின்சாரம் பிறக்கும். மகாவலித் தண்ணீர் பொல்கொல்லையிலிருந்து சுரங்கத்தால் வந்து உக்குவெல மின்நிலையத்தில் பொறியைச் சுற்றும்போது வேலைசெய்வதும் இதே விதிதான்.

உக்குவெலயில் அந்த மின்சாரத்தைக் கவனிக்க ஆளும் கருவியும் இருக்கின்றன. அணைந்துபோன காரில் யார் இருக்கிறார்கள்? சூட்டைத் தணிக்கும் நீரைச் சுற்றவிடும் பம்பு ஓடாது. வேகம் கூடக்கூட மின்னழுத்தம் ஏறும். மோட்டர் சூடேறும், மோட்டருக்கு மின்சாரத்தை மாற்றிக்கொடுக்கும் இன்வெர்ட்டர் பழுதாகலாம். இதனால்தான் முன் சில்லுகள் தரையில் உருளும்படி லீஃபை இழுக்கவே கூடாது என்று அதன் கையேடு எச்சரிக்கிறது. டொயோட்டா அக்குவா, பிரியஸ் வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். ஹைபிரிட் என்றாலும் அவற்றிலும் ஒரு மோட்டர் சில்லுகளோடு நிரந்தரமாகப் பிணைந்தே இருக்கிறது.

இன்னொரு நம்பிக்கை இதைவிட மோசமானது. இழுத்துக்கொண்டு போனால் பற்றரியில் சார்ஜ் ஏறுமாம், செலவும் இல்லையாம். பலகடுவ இறக்கத்தில் டாஷ்போர்டில் சார்ஜ் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இது நியாயமாகவே படும். அப்போது கார் உயிரோடு இருக்கிறது. கணினி அளந்து அனுப்புகிறது, பம்பு ஓடுகிறது, பற்றரியின் இணைப்பு மூடியிருக்கிறது. சாவி அணைந்த காரில் இவற்றில் ஒன்றும் இல்லை. அந்த இறக்கம்கூட இலவசம் இல்லை. 1,500 கிலோ எடையுள்ள கார் ரிவர்ஸ்டன் மலையிலிருந்து 1,000 மீட்டர் இறங்கினால், ஒரு துளியும் வீணாகாவிட்டாலும் கிடைப்பது சுமார் 4 யூனிட். ஏறும்போது அதைவிடக் கூடுதலாகச் செலவழித்துவிட்டோம். லொறி இழுத்து ஏற்றும் சார்ஜுக்கு விலை டீசல். ஒரு லீட்டர் டீசலில் இருப்பது ஏறக்குறைய 10 யூனிட் வெப்பம், அதில் மூன்றில் ஒரு பங்கு சில்லுக்கு வந்தால் பெரிய விஷயம். வீட்டு பிளக்கில் மாட்டி வாங்கக்கூடியதற்கு ஏன் காரையே பணயம் வைக்க வேண்டும்?

வட அமெரிக்காவில் மோட்டர்ஹோம் என்ற வீட்டு வண்டியில் ஊர் சுற்றுபவர்கள் பின்னால் சிறு கார் ஒன்றை நான்கு சில்லும் உருள இழுத்துப்போவது நெடுநாள் வழக்கம். எந்தக் காரை அப்படி இழுக்கலாம் என்று ஆண்டுதோறும் பட்டியலே வெளியாகிறது. ஜீப் ரேங்லருக்கு அதில் இடம் உண்டு, சில்லுகளை எஞ்சினிலிருந்து முற்றாகப் பிரிக்கும் அமைப்பு அதில் இருக்கிறது. டெஸ்லாவையோ நான்கு சில்லும் தரையில் படாமல் ஏற்றிப்போகச் சொல்கிறது அதன் கையேடு. இழுப்பதையே கலையாக்கியவர்கள்கூட மின்காரைப் பெரும்பாலும் ட்ரெய்லரில்தான் ஏற்றுகிறார்கள்.

கார் கெடுவதைவிட எனக்குப் பெரிய பயம் உயிரைப் பற்றியது. பிரேக்கை மிதிக்க உதவும் விசையும் ஸ்டியரிங்கை இலகுவாக்கும் மோட்டரும் சின்ன 12 வோல்ட் பற்றரியை நம்பியவை. அது செத்திருந்தால் பிரேக் கல்லாக இறுகும். அந்த நிலையில் கயிற்றில் கட்டி, பலகடுவ வளைவிலோ ரத்தோட்டைக்கு மேலே ரிவர்ஸ்டன் பாதையிலோ இறக்கினால் கார் லொறியின் முதுகில் போய்த்தான் நிற்கும். 12 வோல்ட் செத்த லீஃபை பார்க் நிலையிலிருந்து வெளியே எடுக்கவும் முடியாது. பூட்டிய சில்லோடு இழுத்தால் டயர் தேயும், அதற்கு மேலும் உடையும்.

ஒன்று சொல்கிறேன், கயிறு தேடும் முன் இதைப் பாருங்கள். கார் எழும்பவில்லை என்றால் பல நேரங்களில் குற்றவாளி அந்த 12 வோல்ட் பற்றரிதான். இன்னொரு காரிலிருந்து ஜம்பர் வயர் கொடுத்தால் எழும்பிவிடும், ஓட்டிக்கொண்டே வீடு போகலாம்.

இரவில் இல்லுக்கும்புரையில் கார் நின்றால் அதை முழுதாக ஏற்றிப்போகும் கேரியர் எங்கே வரும், வந்தாலும் எவ்வளவு கேட்பான் என்பார்கள். நியாயமான கேள்வி. ஆபத்தான வளைவில் நிற்கும் காரை ஆட்கள் சேர்ந்து மெதுவாக ஓரத்துக்குத் தள்ளுவது வேறு, அதை மாத்தளை வரை இழுப்பது வேறு. கேரியர் கூலி வலிக்கும். இன்வெர்ட்டரும் மோட்டரும் மாற்றும் பில் அதைப் பல மடங்கு தாண்டும். "என் மச்சானின் காரை இழுத்தோம், ஒன்றும் ஆகவில்லை" என்பது அன்றைக்குத் தப்பியதற்கு மட்டுமே சாட்சி.

இந்த நம்பிக்கை இங்கே இவ்வளவு உறுதியாக நிற்பதற்குக் காரணம் ஜனங்களின் அறியாமை என்று நான் சொல்லமாட்டேன். லீஃபும் அக்குவாவும் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்தவை. கையேடும் ஜப்பானிய மொழியில்தான். எச்சரிக்கை டாஷ்போர்டு அறைக்குள்ளேயே இருந்தும் படிக்க முடியாத மனிதனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்தது, புதிய மின்கார்கள் வந்து இறங்குகின்றன. கோடிக்கணக்கில் வாங்கி விற்பவர்களுக்கு, எப்படி ஏற்ற வேண்டும், எங்கே கொக்கி மாட்ட வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாள் அச்சிட்டுக் கொடுப்பது பெரிய காரியம் இல்லை. கார் வாங்கப் போகிறவர்கள் அந்தத் தாளைக் கேளுங்கள். அது கைக்கு வரும்வரை காசைக் கொடுக்காதீர்கள்.