தாத்தாவுக்குச் சிவப்புக் கோட்டு யார் போட்டது?

"அந்தச் சிவப்புக் கோட்டே கோகோ கோலா கம்பெனி மாட்டி விட்டதுதான்டா!" போன டிசம்பரில் ஹாஸ்டல் மெஸ்ஸில் ஸ்டார் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு நண்பன் அடித்துச் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டியவன்தான். பிறகு தேடிப் படித்துப் பார்த்ததில், கம்பெனிக்கு இவ்வளவு பெரிய மரியாதை தேவையில்லை என்று பட்டது.

கிறிஸ்துமஸ் தாத்தாவின் மூலம் ஒரு ஆயர். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள மைரா என்ற ஊரில் இருந்த நிக்கோலஸ். அவரைப் பற்றிய கதைகளில் ஒன்று ரொம்பப் பிரபலம். வரதட்சணைக்கு வழியில்லாத ஒரு ஏழைத் தகப்பன், அவனுக்கு மூன்று பெண்கள். ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் ஜன்னல் வழியாகப் பொற்காசு முடிப்பை வீசிவிட்டுப் போனாராம். (வரதட்சணைத் தொல்லை எந்த ஊரையும் விட்டு வைக்கவில்லை பாருங்கள்!) டச்சுக்காரர்கள் வாயில் அவர் 'சிண்டர்கிளாஸ்' ஆனார். அமெரிக்கா போய்ச் சேர்ந்ததும் 'சாண்டா கிளாஸ்'.

1823-ல் நியூயார்க் மாநிலத்து டிராய் நகரப் பத்திரிகையில், எழுதியவர் பெயர் இல்லாமல் ஒரு கவிதை வந்தது. எட்டுக் கலைமான் பூட்டிய வண்டி, புகைபோக்கி வழியாக இறங்குவது, குலுங்கும் தொப்பை எல்லாம் அதிலேயே இருக்கிறது. ஆனால் ஆள் மட்டும் சித்திரக்குள்ளன். வண்டியும் பொம்மை சைஸ்தான்.

இந்தக் குள்ளரை நாம் பார்க்கிற ஆளாக வளர்த்ததில் பெரும் பங்கு தாமஸ் நாஸ்ட் என்கிற கார்ட்டூனிஸ்டுக்கு. ஜெர்மனியில் பிறந்து, சின்ன வயதில் நியூயார்க் வந்தவர். 3-1-1863 தேதியிட்ட 'ஹார்ப்பர்ஸ் வீக்லி'யில் அவர் வரைந்த படத்தைப் பார்த்து நான் அசந்துபோனேன். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடக்கிற நேரம். தாத்தா வடக்குப் படையின் முகாமில் உட்கார்ந்து சிப்பாய்களுக்குப் பரிசு கொடுக்கிறார். கோட்டு முழுக்க நட்சத்திரம், கால்சட்டை முழுக்கப் பட்டை. தேசியக் கொடியையே வெட்டித் தைத்த மாதிரி! கையில் ஒரு ஆடும் பொம்மை, அதன் கழுத்தில் கயிறு. அந்தப் பொம்மை வேறு யாருமல்ல, தெற்குத் தரப்பின் தலைவர் ஜெபர்சன் டேவிஸ். குழந்தைகளின் தாத்தா முதலில் பார்த்த வேலை போர்ப் பிரசாரம்! அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் நாஸ்ட் அவரை விடாமல் வரைந்தார். 1881-ல் வந்த படத்தில் பெரிய தொப்பை, நீளமான பைப், கை நிறைய பொம்மைகள் என்று நம்ம தாத்தா முழுசாக வந்துவிடுகிறார்.

சிவப்பும் அப்படித்தான். 1900-களின் தொடக்கத்திலேயே 'பக்' என்ற அமெரிக்கப் பத்திரிகையின் அட்டையில் சிவப்புக் கோட்டோடு நிற்கிறார்.

ஹாடன் சண்ட்பிளாம் என்ற ஓவியர் கோலா விளம்பரத்துக்கு வரைய ஆரம்பித்தது 1931-ல். 1964 வரை வரைந்தார். ஓய்வுபெற்ற விற்பனைப் பிரதிநிதியான தன் நண்பரை உட்கார வைத்து வரைந்தாராம். அவர் இறந்த பிறகு கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்து வரைந்தாராம். அதனால்தானோ என்னவோ, பக்கத்து வீட்டுப் பெரியவர் களை வந்துவிட்டது. அதை உலகம் பூரா கொண்டு சேர்த்தது கம்பெனிதான், மறுக்கவில்லை. ஆனால் விநியோகம் வேறு, வரைவது வேறு இல்லையா?

டிராயிங் ஹாலில் இடுப்பு ஒடிய நின்று போட்ட ஷீட்டை இன்னொருத்தன் டிரேஸ் எடுத்து, டைட்டில் பிளாக்கில் தன் பெயரைப் போட்டுக்கொண்டால் நாம் சும்மா இருப்போமா? நாஸ்ட் விஷயத்தில் மட்டும் ஏன் சும்மா இருக்கிறோம்?

இந்த டிசம்பருக்கு மெஸ் சுவரில் தாத்தா வரைகிற வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. கீழே வலது மூலையில் ஒரு டைட்டில் பிளாக் போட்டு, 'வரைந்தவர்' கட்டத்தில் நாஸ்ட், சண்ட்பிளாம் இரண்டு பேரையும் எழுதலாம் என்றிருக்கிறேன். கவிதைக்காரருக்கும் கொஞ்சம் இடம் விட வேண்டும்.